முற்றிப்போன நாற்று

அந்த ஐப்பசியில் என் நாற்று முற்றிப்போனது. முப்பது நாளில் பிடுங்க வேண்டியது. ஐம்பது நாள் ஆகியும் மழை இல்லை; ஒரே ஒருவரைத் தவிர வாங்க ஆள் இல்லை. சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லையும் சேர்த்து விதைத்திருந்தேன். யாருக்கு, எப்போது வேண்டும் என்று தெரியாமலே ஒரு மாதம் முன்னால் விதைக்கிற தொழில் இது. பட்டவர்களுக்கு விளக்க வேண்டாம்.

அரியூர்க்காரர்

இது வேறொரு வருஷம். மழை முந்திக்கொண்டது. என் நாற்றுக்குப் பதினெட்டு நாள்தான். அரியூரிலிருந்து ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பச்சைப்பிள்ளை, தாங்காது, பன்னிரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றேன். மடியை அவிழ்த்தார்.

"ரெண்டு மடங்கா வாங்கிக்கண்ணே. நாளைக்கே முப்பது நாளு ஆக்கிக் குடு."

கட்டம் போட்ட தாள்

பிரெஞ்சு சர்க்கார் குமாஸ்தா ஒருவர் பெரிய தாளோடு வந்தார். அடுத்த வருஷம் பாகூர்ப் பக்கத்துக்கு எத்தனை கட்டு நாற்று வேண்டும் என்று எழுதி அனுப்ப வேண்டுமாம். மழை எப்போது, எவன் எத்தனை காணி நடுவான், எனக்குத் தெரியாது. அவனவனுக்கே தெரியாது என்றேன்.

"தெரியலன்னா பரவால்ல, அதுக்குக் கட்டமே இல்ல. எத்தன கட்டுன்னு மட்டும் சொல்லு."

அண்ணனும் தம்பியும்

அந்த ஐப்பசிக்கு வருகிறேன். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி. ஒரே மண், நடுவில் ஒரு வரப்பு. அண்ணன் முப்பதாம் நாளே என்னிடம் வாங்கி, ஏற்றம் இறைத்து நட்டார். தம்பி மழை வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். உங்களில் யாருக்குப் புத்தி என்று தம்பியைக் கேட்டேன்.

"மழ பெஞ்சப்புறம் கேளுப்பா. கெலிச்சவன் எனக்கு அப்பவே தெரியும்னுவான்."

ஐம்பத்தோராம் நாள்

கொட்டித் தீர்த்தது. தம்பி ஓடிவந்தார். நாற்றைப் பார்த்து முகம் சுளித்தார். "கெழட்டு நாத்துப்பா, தூர் கட்டாது, பக்கத்துல குருத்தே வெடிக்காது." புதிதாக விதைத்தால் இன்னும் ஒரு மாதம், அதற்குள் பட்டம் போய்விடும். அவருக்கு அந்த வருஷம் போச்சு, எனக்குச் சோறும் போச்சு. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அரிவாளை எடுத்தேன். அவரோடு வந்த நடவுக்காரி ஒரு நாற்றைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, போன நாள நெனச்சி அழுதா நாத்து எளசாயிடுமா? இன்னும் தண்டுல கணு வெக்கல, நட்டாப் பொழைக்கும். நுனியக் கிள்ளு, குத்துக்கு அஞ்சாறா வெச்சி நெருக்கி நட்டுடலாம்."

நட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மூன்று நாளில் என் நாற்றங்கால் காலி. அறுப்பில் தம்பிக்கு அண்ணனைவிட ஒரு மூட்டைதான் குறைவு. களத்தில் நின்று என்னிடம் சொன்னார்:

"எனக்கு அப்பவே தெரியும்பா."

அப்பவே தெரிந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. தெரியாத நாளில் கையில் இருந்ததை வைத்து வேலையை முடித்தவள் நடவுக்கார அஞ்சலை.