பலகை விழுந்த படம்

எங்கள் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய குடும்பப் படம் மாட்டியிருக்கும். அதில் முப்பத்தொரு பேர். எல்லார் முகமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் கீழே, நடு நாற்காலியில் இருக்கிறவரின் கால்களை மறைத்துக்கொண்டு, மங்கலாக ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அது வேறு எதுவும் இல்லை, படம் எடுத்த கேமராவின் பலகைதான். கேமரா தன் உடம்பைத் தானே படம் எடுத்துக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். எடுத்தது. நான் கூடவே இருந்து பார்த்தேன்.

எண்பதுகளில் நடந்த கதை. அப்போது நான் நாலாம் வகுப்பு. சித்தப்பா ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருக்கு முப்பது வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான் என்று எங்கள் அப்பா அடிக்கடி சொல்வார்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அக்கா, டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போட்டோ எடுக்க வந்தார். பேச்சுவாக்கில், தங்கள் குடும்பம் எந்தக் கேமராவிலும் அடங்காது என்றார். சொந்தக்காரர்களின் மூன்று வீடுகளும் ஒரே வளவுக்குள், ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. நடுவில் குறுகலான முற்றம். கேமராக்காரர் பின்னால் போகப் போகச் சுவர்தான் வரும். முன்பு வந்த ஒருவர் எடுத்த படத்தில் அக்காவின் மாமாவுக்கு முழங்கை மட்டும்தான் விழுந்திருந்ததாம்.

சித்தப்பா உடனே, "எங்கிட்ட வைடு லென்ஸ் இருக்கு. வளவையே உள்ள இழுத்துரும்" என்றார். உண்மையில் அப்போது அவரிடம் அந்த லென்ஸ் இல்லை. மறுநாளே மதுரைக்குப் போய் வாங்கிவந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரக் கேமராவைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மூன்று கால் ஸ்டாண்டு என் மடியில் இருந்தது.

அந்த வளவில் அக்காவின் அப்பாதான் பெரியவர். புது வேட்டி, புதுச் செருப்பு, நடு நாற்காலி. எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, படம் சரியா வரலேன்னா பொறவு இந்தப் பக்கமே வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பா அசரவில்லை. இந்த லென்ஸ் ஓரத்தில் நிற்கிறவர்களைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாகக் காட்டும், அதனால் ஒல்லியானவர்கள் எல்லாம் ஓரத்துக்குப் போங்கள் என்றார். முழங்கை மட்டும் விழுந்த மாமா எலும்பும் தோலுமாக இருப்பார். "எம்புட்டு அகலமாக்கும்?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே ஓடிப்போய் ஓரத்தில் நின்றார். அக்காவை மட்டும் பெரியவர் நாற்காலிக்கு நேர் பின்னால் நிற்கச் சொன்னார் சித்தப்பா. நடுவில்தான் முகம் இழுபடாது, அதுவும் லென்ஸோட குணம் என்றார். அந்த அக்கா ஒல்லிதானே என்று கேட்க வாயெடுத்தேன். சித்தப்பா என் காலை மிதித்தார்.

பிறகு கறுப்புத் துணிக்குள் என்னையும் விட்டார். கேமராவின் பின்பக்கம் பிம்பம் விழுகிற மங்கலான கண்ணாடியில் முப்பத்தொரு பேரும் தலைகீழாகத் தொங்கினார்கள். அதில் எல்லாமே தலைகீழ் என்பதால் தரை மேலே இருந்தது. அந்த மேல்பக்கத்தில், பெரியவரின் செருப்பு இருக்கவேண்டிய இடத்தில், பட்டையாக ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே வந்து பார்த்ததும் புரிந்தது. வைடு லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைக்கவேண்டும். அதனால் கேமராவின் அடிப்பலகை லென்ஸைத் தாண்டி நாக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அகலமாகப் பார்க்கிற லென்ஸ் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டது.

"சித்தப்பா, பலகை விழுதே" என்றேன்.

"சும்மா இருலே. எனக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்து அக்கா, நானும் ஒருதடவை பார்க்கட்டுமா என்று கேட்டார். பெரியவர் முகத்தைச் சுளித்தாலும் தலையாட்டினார். சித்தப்பா விலகித் தள்ளி நின்றுகொள்ள, அக்காவும் நானும் துணிக்குள் போனோம். நான் பலகையைக் காட்டினேன். அக்காவும் அதன்மேல் விரலை வைத்து, "இது உங்க கேமராவுல உள்ளதுதானே?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்பாடா, இவராவது சொல்வார் என்று நினைத்தேன். வெளியே போன அக்கா, "எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு நாள் கழித்துப் படத்தைக் கொண்டுபோனோம். பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "என் காலு எங்கய்யா? புதுச் செருப்பு எங்க? எம் முன்னால எதுக்குப் பலகை போட்டிருக்க?" என்று கத்தினார்.

"நான் அப்பவே சொன்னேன்! சித்தப்பாதான் கேக்கல!" என்றேன் நான், சத்தமாக. சித்தப்பாவின் முகம் வெளுத்துப்போனது. பெரியவர் வாசலை நோக்கிக் கையை நீட்டினார். நம் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

காப்பாற்றியவர் அந்த ஒல்லி மாமா. படத்தைப் பிடுங்கிப் பார்த்தவர் துள்ளினார். "அத்தான், இங்க பாருங்க! எங் கன்னத்தப் பாருங்க! மில்லு மொதலாளி கணக்கா இருக்கேன். இந்தத் தம்பிய விட்டா எவனும் என்னை இப்படி எடுக்கமாட்டான். இன்னொருக்க இவரையே எடுக்கச் சொல்லுங்க!"

கதவோரம் நின்ற அக்காவும், "முகமெல்லாம் நல்லாத்தானப்பா வந்திருக்கு" என்றார். பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறு ஞாயிறு முப்பத்தொரு பேரும் மறுபடி தலைவாரிக்கொண்டு வந்து நின்றார்கள். சித்தப்பா ஒரு திருகைத் தளர்த்தினார். கண்ணாடி பொருத்திய பின்கட்டையையும் லென்ஸையும் சேர்த்துப் பலகையின் நுனிக்குத் தள்ளினார். பலகை காணாமல் போயிற்று. எண்ணிப் பத்து நொடிகூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமான வேலையை அன்றைக்கே ஏன் செய்யவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது.

படம் முடிந்து காப்பி வந்தது. காப்பியோடு, உங்கள் வீட்டில் யார் யார், சொந்த ஊர் எது என்று கேள்விகள் வந்தன. படத்தைக் கொடுக்க ஒருதடவை, சட்டம் போட்டுக் கொடுக்க ஒருதடவை என்று சித்தப்பா போய்க்கொண்டே இருந்தார். அடுத்த தை மாதம் அந்த அக்கா எனக்குச் சித்தியாக வந்தார்.

சித்தப்பாவும் சித்தியும் இருந்த வீட்டுக் கூடத்தில் முதலில் மாட்டிய படம் எது என்று பார்த்தேன். பலகை விழுந்த படம்! செருப்பு வரைக்கும் சுத்தமாக வந்த படம் பெட்டிக்குள் கிடந்தது. பாவம், கல்யாண அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றப் போனேன்.

"ஏலே, அதை எடுக்காத!" அடுப்படியிலிருந்து சித்தியும் வாசலிலிருந்து சித்தப்பாவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இரண்டு பேருக்குமே நல்ல படம் எது, கெட்ட படம் எது என்று தெரியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.