விஜயதசமியன்று பிறந்த டேட்டாபேஸ்

பத்தாம் வகுப்போடு நின்றவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் கணினியில் கணக்குப் பதிவது என் வேலை.

பூஜை விடுமுறை முடிந்து வந்து கணினியைத் திறந்தால், யாருடைய மூட்டை எத்தனை என்ற பதிவு ஒன்றுகூட இல்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டியே! நாளையிலேருந்து வராதே" என்றார் முதலாளி. எதையோ தவறாக அழுத்திவிட்டேன் என்று நானும் நம்பிவிட்டேன்.

கணினி பழுதுபார்க்கும் பெண் பள்ளுருத்தியிலிருந்து வந்தாள். கலங்கியிருந்த என் கண்களைப் பார்த்தாள்.

"பயப்படண்டா சேச்சி. இந்த டேட்டாபேஸ் எப்ப உண்டாக்கினதுன்னு முதல்ல பார்க்கலாம்."

திரையில் விஜயதசமி நாளின் தேதி வந்தது.

"அன்னிக்கு நீங்க இங்க வந்தீங்களா?"

"இல்ல மோளே, திருப்பூணித்துறையில தங்கச்சி வீட்ல இருந்தேன்."

முதலாளி நெற்றியில் தட்டிக்கொண்டார். "பூஜையில வச்ச கணக்குப் புத்தகத்தை எடுத்ததும் புதுக்கணக்கு போடணுமேன்னு, 'புதியது'ங்கறதை நான்தான் அமுக்கினேன்."

அவள் சிரித்துவிட்டாள். "கம்ப்யூட்டருக்குப் புதுக்கணக்குன்னா காலிக் கணக்கு, முதலாளி. பழசு பத்திரமா வேற இடத்துல இருக்கு" என்று அதைத் திறந்து காட்டினாள். மூட்டைக் கணக்கு எல்லாம் அப்படியே இருந்தது.

என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாதபோது, பழி சொல்லாமல் தேதியைத் தேடிய அவளுக்கு ஒரு சாயாகூட வாங்கித்தர எனக்குத் தோன்றவில்லை. இன்றும் அவளை நன்றியோடு நினைக்கிறேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மூட்டைகள் வந்தன. பதிந்தேன்.