மதினி சொன்ன பதில்

அண்ணன் வீட்டுப் பீரோவின் மேல் நீலப் பெட்டி ஒன்று இருந்தது. சக்கரம் வைத்த பெரிய பெட்டி. வாங்கி வந்த அன்றே அம்மா அதன் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் எங்கே பயணம் என்பார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். அண்ணன் துபாய் போகப்போவதை முன்பு ஊரெல்லாம் சொல்லி, கடைசியில் அது நடக்காமல் போனதை அம்மா மறக்கவில்லை. "விசா கையில வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்று மதினிக்குச் சொல்லிவைத்தாள்.

மதினி ஆரப்பாளையம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கனடாவில் முதியோர் இல்லம் ஒன்று வேலை தருவதாக அவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. அதை வைத்துக் குடியேற்றத்துக்கு விண்ணப்பித்தோம். நான் காலேஜ் ஆபீஸில் இருப்பதால் கம்ப்யூட்டரில் பதில் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வேலை முழு நேரமா, நிரந்தரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன செய்ய வேண்டும்? ஒரு பக்கத்தில் கேட்டதையே அடுத்த பக்கத்தில் வேறு மாதிரி கேட்பார்கள். எனக்குச் சலித்துப்போகும். மதினிக்குச் சலிக்கவில்லை. "நிரந்தரமான்னு கேக்குறாக பாரு ஏத்தா. இங்க இம்புட்டு வருசமா பாக்குறேன், ஒருத்தரும் கேக்கலையே" என்று சிரித்தார். அந்த வருடத்தை விட்டால் வயதுக்கு அவர்கள் தரும் மதிப்பெண் குறைந்து, தகுதியே போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

திருமங்கலத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்தபோது மதினியின் போன் அடித்தது. மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டார். குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். கனடாவில் உங்களுக்கு வேலை உறுதியாகியிருக்கிறதா என்று கேட்டாள். பக்கத்து நாற்காலியில் பேரையூர்ப் பெரியம்மா. மதினிக்கு அத்தை முறை. பெரியம்மா தலையை நீட்டி, "கனடாங்கிறா, என்னத்தா வேலை?" என்றார். மதினி அவசரமாக, "நோ மேடம், நோ ஜாப், நத்திங்" என்று போனை அணைத்தார். பெரியம்மாவிடம், "ஒண்ணுமில்ல அத்தை, ஏதோ கம்பெனிக்காரி" என்றார்.

தான் செய்தது என்ன என்று அவருக்கு உறைத்தபோது இலையில் சோறு விழுந்திருந்தது. வெளியே ஓடி வந்து அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தார். லைன் போகவே இல்லை.

பிறகு கடிதம் வந்தது. வேலை இருப்பதாக எழுதிவிட்டு, இல்லை என்று நீங்களே சொன்னீர்கள், விளக்கம் தரவும் என்று. விளக்கத்தையும் நான்தான் எழுதினேன். வேலை தருபவரிடமிருந்து புதுக் கடிதம் வாங்கி இணைத்தோம். ஆனால் கண் படும் என்ற பயத்தை ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது? எழுதி முடித்துப் படித்தபோது, நடந்தது அத்தனையும் எனக்கே பொய் போலத் தெரிந்தது. அதை நம்பாத அதிகாரி மேல் இன்றுவரை எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா மேல்தான் வந்தது. மறுப்பு வந்த அன்று அவள் சொன்னது இதுதான்: "இம்புட்டு மறைச்சும் யாரோ கண்ணு வச்சுட்டாகளே." மதினி டூட்டிக்குக் கிளம்பிப் போனார். இழவு வீட்டுக்குக்கூட நாலு பேர் துக்கம் கேட்க வருவார்கள். இவர் போவதாக இருந்ததே யாருக்கும் தெரியாது, யார் வந்து கேட்பார்கள்? அந்த வருடமும் போயிற்று, முதியோர் இல்லம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

போன வாரம் அண்ணன் வீட்டில் வெள்ளையடித்தார்கள். சாமான்களை எல்லாம் இறக்கி நடுவீட்டில் போட்டிருந்தோம். போர்வை விலகி நீலப் பெட்டி வெளியே தெரிந்தது. விலை ஒட்டியிருந்த காகிதம்கூட அப்படியே இருந்தது. அன்று பார்த்து பேரையூர்ப் பெரியம்மா வந்திருந்தார்.

"எதுக்குத்தா இம்புட்டுப் பெரிய பெட்டி? எங்கயும் போறியா?"

சொல்லாதே என்று அம்மா பழக்கத்தில் கண்ணைக் காட்டினாள். மதினி போர்வையை உதறி மடித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல அத்தை" என்றார்.

இந்த முறை அவர் பொய் சொல்லவில்லை.