நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பென்சில் எழுத்து

சொந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்களா? நான் பயந்தேன். போன மாதம், சூளகிரிப் பக்கம், பட்டப்பகலில்.

அங்கே கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசிப்பு பற்றிப் பேசச் சொல்லி வார்டன் ஸ்டெல்லா கூப்பிட்டிருந்தார். போனால், ஹால் மூலையில் இருந்த புத்தக அலமாரியில் என் நாவல்! எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? எழுதுகிறவர்களின் வியாதி அது.

அந்த நாவலின் நாயகி செல்வி இடைப்பாலினமாகப் பிறந்தவள். ஆண், பெண் என்று நாம் போட்டு வைத்திருக்கும் இரண்டு கட்டங்களிலும் அவள் உடம்பு முழுசாக அடங்காது. மாதவிலக்கு வராது. பெண்ணாகவே வளர்ந்து, பெண்கள் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். அங்கே மாதாமாதம் நாப்கின் பாக்கெட் கொடுப்பார்கள். “எனக்கு வேண்டாம்” என்று செல்வி நிமிர்ந்து சொல்வது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். பலரும் பாராட்டிய இடம். எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்...

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

‘வேண்டாம்னு சொல்லமாட்டா. கையெழுத்துப் போட்டு வாங்கி, பெட்டிக்கு அடியில வெப்பா. சொன்னா அன்னைக்கே தெரிஞ்சிரும்.’

நான் கற்பனை என்று நினைத்தவள் இந்த ஹாலில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்து நான் செய்ததுதான் மடத்தனம். எப்பேர்ப்பட்ட வாசகி பாருங்கள் என்று பெருமையாக வார்டனிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். முகம் மாறிவிட்டது.

“இது நம்ம புள்ளைங்கள்ல ஒண்ணுதான் மேடம். வெளிய போற ரிஜிஸ்டர்ல எங்க போறோம்னு எல்லாரும் கைப்பட எழுதறாங்க இல்ல? ஒத்துப் பாத்தா தெரிஞ்சிரும்.”

தெரிந்து? கம்பெனிக்கும் வீட்டுக்கும் சொல்ல வேண்டுமாம். அவ்வளவுதான்... வேலை போகும், கட்டில் போகும், ஊரில் தலைகாட்ட முடியாது. விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். புத்தகம் அவர் கக்கத்துக்குப் போய்விட்டது.

ஹாலில் அறுபது பெண்கள். காது எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஒருத்திகூடப் பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருத்திகூட இருமவில்லை. அறுபது முகமும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தன.

அந்த வாரம் மூன்று தடவை போன் செய்தேன், ஸ்டெல்லா எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஓசூரிலிருந்து பஸ் ஏறினேன். சானமாவுக் காட்டில் யானை நிற்கிறதென்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். யானை கண்ணில் படவே இல்லை. மரங்கள் மட்டும் அசைந்தன. உள்ளே இருப்பது தெரியும், எங்கே என்று தெரியாது. அந்த ஹாலும் அப்படித்தான் இருந்தது.

ஸ்டெல்லா புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன்.

பென்சில் வரியை யாரோ அழித்திருந்தார்கள். விரலால் தடவினால் பள்ளம் மட்டும் தட்டுப்பட்டது. அதைச் சுற்றி, மேலே, கீழே, அடுத்தடுத்த பக்கங்களிலும், அதே வாக்கியம்! நீலத்தில், கறுப்பில், தமிழில், கன்னடத்தில், தெலுங்கில், இந்தியில். வேறு வேறு கைகள். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

“டிராயர்ல பூட்டித்தான் வெச்சிருந்தேன் மேடம்” என்றார். “இனி எதைன்னு ஒத்துப் பாக்கறது?”

முதலில் எழுதியது யாரென்று தெரிந்ததா என்று கேட்க வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். ஒரு தடவை பட்டது போதாதா?

கிளம்பும்போது விசிட்டர் நோட்டில் கையெழுத்துக் கேட்டுத் தன் பேனாவை நீட்டினார். பச்சை மை. புத்தகத்தில் எழுதியிருந்தவற்றில் கடைசி வரி, எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் நடுங்கிய எழுத்தில் இருந்தது, பச்சை மையில்தான். டிராயர் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த பதிப்பில் செல்வி பாக்கெட்டை வாங்கிக்கொள்வாள். யார் திருத்தச் சொன்னது என்று பதிப்பாளர் கேட்டார்.

எல்லாரும்தான் என்றேன்.