வீட்டுக்கு வரும் நற்கருணை

என் தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான். மலைக்கு ஐயர் வரும் ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டுக்கும் வந்து நற்கருணை கொடுக்க வேண்டும்.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். கல்வராயன் மலையிலுள்ள சிறிய கோயிலுக்கு அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். ஜெபிப்பார், பிரசங்கம் செய்வார், ஆனால் நற்கருணையின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் பரிமாற மாட்டார். அது குருப்பட்டம் பெற்றவர் கையால்தான் நடக்கும்.

தங்கைக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இனி வலியைக் குறைக்க மட்டும்தான் முடியும், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். அதைக் கூட்டாமல் குறைக்காமல் அவளிடமும் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். மாப்பிள்ளை டீ வாங்கி வருவதாக எழுந்து போனவர், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினார்.

வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களோடு நானும் மலைக்குப் போனேன். அவளுக்கு எது இறங்குகிறது, எது இறங்கவில்லை என்று தினமும் எழுதிவைத்தேன். எழுதுவது என் நெடுநாள் பழக்கம். முதலில் இட்லி நின்றது. பிறகு குழைந்த சோறு. பிறகு சாமைக் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தோம். ஒரு கரண்டி இறங்குவதற்குள் அவள் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிவிடும்.

“ஐயரு குடுக்கற அப்பம் இன்னாண்ணா, நகம் மாதிரி மெல்லிசா இருக்குது. அத முழுங்கிடுவேன். நீ எழுதி வச்சிக்கோ” என்றாள்.

தடையாக இருந்தவர் மாப்பிள்ளை. ஐயர் நற்கருணைப் பெட்டியோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே சாவு உறுதி என்று மலையில் எங்கள் சபையார் நம்புகிறார்கள். வேதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஐயரே அதைப் பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் படுத்த படுக்கையானவர்களுக்குத்தானே அது வீட்டுக்கு வருகிறது? வந்த வீடுகளில் பெரும்பாலும் சாவும் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா அப்படித்தான் போனார், அப்பம் வாயில் இருக்கும்போதே. அப்போது அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தவர் அவர்தான்.

“நீ இன்னாத்துக்குய்யா பயந்துக்கினு இருக்க? சாவப்போறது நானு” என்று தங்கை அவரைச் சீண்டினாள். அவர் மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிறன்று நான் மலையில் இல்லை. வலி மாத்திரை கீழேதான் கிடைக்கும். வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது ஆராதனை முடிந்திருந்தது. நடந்ததை உபதேசியார் மகிழ்ச்சியோடு சொன்னார். மாப்பிள்ளை கோயில் வாசலிலேயே ஐயரைப் பார்த்து, அவளுக்கு இப்போது நன்றாகிவிட்டது, வீட்டுக்கு வர வேண்டாம், அடுத்த மாதம் அவளே கோயிலுக்கு வந்துவிடுவாள் என்று சொல்லியிருக்கிறார். ஐயர் அதைப் பீடத்தில் அறிவித்தாராம். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னதாம்.

வீட்டில் அவள் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐயரின் வண்டி மலையிறங்கும் சத்தத்தை அவளும் கேட்டிருந்தாள். சேலையை மாற்றிவிடும்படி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள்.

மாப்பிள்ளையைக் கொல்லையில் போய்ப் பிடித்தேன். ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“பொய்தான் மச்சான். கோயில்ல நின்னு விசுவாசமா சொன்னா அப்பிடியே ஆயிடும்னு நெனச்சேன்.”

அவர் கண்ணில் திருட்டுத்தனம் இல்லை. எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டதைத்தான் அவர் செய்து பார்த்திருக்கிறார்.

அன்றிரவே ஐயரைப் போனில் பிடித்து உண்மையைச் சொன்னேன். எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன், ஆனால் வீட்டுக்காரரும் மனதோடு சம்மதிக்க வேண்டும், அவரோடு சண்டை போட்டுக்கொண்டு நற்கருணை பரிமாற முடியாது என்றார். மாப்பிள்ளையோ கேட்டபோதெல்லாம், பார்க்கலாம் மச்சான் என்றார்.

சபைப் பெண்கள் சாயங்காலங்களில் கொல்லை வேலை முடிந்து வந்தார்கள். விறகு கொண்டுவந்து போட்டார்கள். அவள் துணிகளை அலசினார்கள், தலை வாரிவிட்டார்கள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் இருவராலும் ஒரு நாளைக்கூடத் தள்ளியிருக்க முடியாது. ஆனால் ஜெபத்தில், முழு சுகம் தந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். சுகமானதாக அறிவித்தாகிவிட்டதே. எலும்பெடுத்த அந்தத் தோளைத் தொட்டுக்கொண்டே நன்றி சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவளால் ஆமென் சொல்ல முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கால் பிடித்துவிடும் பெண் ஒருத்தி மட்டும் ஜெபத்தின்போது வாயைத் திறக்கவே மாட்டாள். வாசலுக்கு வெளியே போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

நானும் ஜெபித்தேன். முதலில் அவளைப் பிழைக்க வைக்கும்படி கேட்டேன். பிறகு வலியாவது குறையட்டும் என்றேன். கடைசியில், அடுத்த ஐயர் ஞாயிறு வரை அந்தத் தொண்டையில் ஒரு நூல் நுழையும் இடத்தையாவது விட்டுவையும் என்று கேட்டேன். இவ்வளவு சின்னதை இவ்வளவு பயத்தோடு நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்ட மறுநாள் கஞ்சி நின்றது. பிறகு மோர் நின்றது. எழுதிவைக்கும்போது பேனா நின்று நின்று போயிற்று.

ஒரு காலையில் மாப்பிள்ளை டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். அது அவள் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து, போன் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறிப் போனார். இறங்கி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கூப்ட்டுட்டேன் மச்சான். வராராம்.”

மழையில் ஐயர் வந்து சேரப் பிற்பகலாகிவிட்டது. முழுக்க நனைந்திருந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்த பெட்டி மட்டும் நனையவில்லை. பெண்கள் யாரும் வரவில்லை. நாங்கள் நால்வர்தான். அவளை என் மார்பில் சாய்த்து உட்கார வைத்தேன். பாவ அறிக்கையை அவளுக்காக நான் சொன்னேன். ஐயர் அப்பத்தில் கடுகளவு கிள்ளி, ரசத்தில் நனைத்து, அவள் நாக்கில் வைத்தார்.

அவள் வாயை மூடினாள். தோள்கள் ஏறின. ஏறியவை இறங்கவில்லை. அந்த முயற்சி முழுவதையும் நான் என் மார்பில் உணர்ந்தேன். பிறகு இருமல் வந்தது. மாப்பிள்ளை பிடித்திருந்த துண்டில் எச்சிலோடு அது வெளியே விழுந்தது.

இன்னொரு முறை பார்க்கலாமா என்று ஐயர் மெதுவாகக் கேட்டார். அவள் வேண்டாம் என்று கையைத் தூக்கினாள். விரும்பிக் கேட்டதே போதும், ஆண்டவர் அதை வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார் என்று அவர் சொன்னார். அது உண்மையான போதனைதான், நானும் படித்திருக்கிறேன். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டவில்லை.

ஐயர் துண்டுக்காகக் கை நீட்டினார். ஆசீர்வதித்த அப்பத்தைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, எரிக்க வேண்டும் அல்லது மண்ணில் புதைக்க வேண்டும். மாப்பிள்ளை கொடுக்கவில்லை. துண்டை விரித்து, அந்தத் துணுக்கை விரல் நுனியால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

உடனே அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயை இறுக மூடியபடி அவர் குலுங்கினார். தொண்டை அசைந்தது, ஆனால் துணுக்கு இறங்கவில்லை. தங்கை அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. குரல் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன, குனிந்து உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

“முழுங்குய்யா” என்றாள்.