ஆலய மதிலில் உட்கார்ந்தவர்களைக் கர்த்தர் இறக்கிவிட்டார்

போன லெந்து உபவாச நாட்களில் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் மகள் கிரேஸ் சோற்றைத் தொடவில்லை. "யம்மா, இனிமே நான் பிரஸ்ஸுக்குப் போகல" என்றாள். சிவகாசியில் பன்னிரண்டு வருடமாக பைண்டிங் வேலை பார்க்கிறவள். அந்த வேலைதான் அவளுக்குப் பெருமை. நான் பயந்துபோனேன்.

காரணத்தை எழுதவே கூசுகிறது. பஸ் நிற்பது நம் ஆலய முக்கில். ஆலய மதிலில் நாலு பேர் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். வாலிபர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெண்பிள்ளை இறங்கினால் விசில். நடந்தால் பின்னாலேயே பைக். அன்றைக்கு ஒருவன் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டான். ஆலயத்துக்குள் ஓடலாம் என்று பார்த்தால் கேட்டில் பூட்டு. ஆறு மணிக்கு மேல் திறந்திருந்தால் பரிசுத்தம் கெட்டுவிடுமாம். சபையை நடத்துகிற மூப்பர் பூட்டிவிடுவார். உள்ளே பரிசுத்தம் பத்திரமாக இருந்தது. வெளியே என் பிள்ளை அழுதுகொண்டு நின்றாள்.

மறுநாள் மூப்பரிடம் போய்த் தலைகுனிந்தபடி சொன்னேன். "பொம்பளப் பிள்ளைக பொழுதோட வீடு சேரணும்மா. அடக்கமா நடந்தா எவன் என்ன பண்ணப் போறான்?" என்றார். இந்த ஞானத்தை மதிலில் இருந்தவர்களிடம் போய்ச் சொல்ல அவருக்குக் கால் வரவில்லை. நானும் "சரிங்கய்யா" என்று வந்துவிட்டேன். என்னை நினைத்தே எனக்குச் சீ என்று இருந்தது.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, என் பிள்ளைக்கு வழியைத் திறந்துவிடும்." அவ்வளவுதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். பாட்டு தெருவுக்குக் கேட்கட்டும் என்று மூப்பர் குழாய் ஸ்பீக்கரைப் போடுவார். ஜெபம் தொடங்கினால் அணைத்துவிடுவார். பெண்கள் ஜெபம் தெருவுக்கு எதற்கு? அன்றைக்கு அணைக்க மறந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் மைக் முதலில் என்னிடம் வந்தது. எப்போதும் அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன். அன்றைக்குக் கண்ணை மூடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பச்சை பைக்குக்காரன் என் பிள்ளை துப்பட்டாவ இழுத்தான் ஆண்டவரே. மூப்பர் கேட்டைப் பூட்டிட்டு எங்களுக்குப் புத்தி சொல்றாக ஆண்டவரே."

கண்ணைத் திறந்தால் மூப்பர் சுவிட்சுக்கு ஓடுகிறார். பக்கத்தில் இருந்த எஸ்தரக்கா எழுந்துவிட்டார். பச்சை பைக் அவர் மகனுடையது. தலைகுனிந்தே நடக்கிற எனக்கு அது எப்படித் தெரியும்? அக்கா செருப்புகூடப் போடாமல் வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். ஸ்பீக்கரில் கேட்ட பஜாரே மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏலே, இறங்குலே கீழ! உங்கப்பன் கட்டுன செவராலே இது?"

"யம்மா, சும்மா வெளாட்டுக்குத்தான்..."

"அப்ப என் சேலையப் பிடிச்சு வெளாடுலே, இங்கன! எல்லாரும் பாக்கட்டும்!"

நனைந்த வெடி மாதிரி இறங்கினான். மற்ற மூவரும் எந்தப் பக்கம் போனார்களோ! இவ்வளவுதான் இவர்கள் வீரம். இதற்கா என் பிள்ளை இத்தனை நாள் நடுங்கினாள்!

எஸ்தரக்கா மூப்பரிடம் கையை நீட்டினார். "சாவியக் குடுங்கய்யா. இனிமே நாங்க பாத்துக்கிடுதோம்." ஐயா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இப்போது எட்டு மணி பஸ் வரும்வரை இரண்டிரண்டு பெண்களாக முறை போட்டுக் கேட்டைத் திறந்து வைத்து உட்காருகிறோம். பட்டாசு செய்கிற வெடி ஆபீஸ் பெண்களும் பாய்வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். பரிசுத்தம் ஒன்றும் குறையவில்லை.

கிரேஸ் அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குப் போனாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

என்னைப் போலக் கூச்சப்பட்டு மனதுக்குள்ளேயே ஜெபிக்கிற சகோதரிகளே, அவரை நம்புங்கள். நடந்ததை நடந்தபடி வாய்விட்டுச் சொல்லி ஜெபியுங்கள். கர்த்தருக்குக் கேட்கும். கேட்க வேண்டிய மற்றவர்களுக்கும் அவர் கேட்கப்பண்ணுவார்.