தம்பியின் மொழிக்கு விழுந்த அடி

என் தம்பி அரிவாளை எடுத்து முதலில் வெட்டியது குழந்தையின் தூளிக் கயிற்றைத்தான். பால் கொடுப்பதற்காக மகளைச் சற்று முன்புதான் வெளியே எடுத்திருந்தேன். தூளி அறுந்து விழுந்த பிறகும் அவன் விடவில்லை. தரையில் கிடந்த கயிற்றைக் கொத்திக்கொண்டே இருந்தான். சிமெண்டிலிருந்து பொறி பறந்தது.

குழந்தையோடு சமையலறைக்குள் ஓடித் தாழிட்டேன். கதவில் அரிவாள் இறங்கியது. பலகை பிளந்த இடத்தில் அவன் கண் தெரிந்தது.

மலாயாவிலிருந்து கப்பலேறிச் சேலத்தில் கல்லூரிப் படிப்புக்கு வந்தவன் அவன். நானும் அதே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்து, உறவுக்குள் மணமாகி இங்கே வந்தவள். தன் பேச்சைக் கேட்டு விடுதியில் சிரிக்கிறார்கள் என்று முதலில் சொன்னான். பிறகு, யாருமில்லாத அறையின் சுவருக்குள்ளிருந்தும் சிரிக்கிறார்கள் என்றான். படிப்புச் சுமை என்று நினைத்தேன். அவனை வைத்திருக்க முடியாதென்று விடுதிக்காரர்கள் அஸ்தம்பட்டியிலுள்ள எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டபோதும், வேளைக்குச் சாப்பிட்டால் தெளிந்துவிடுவான் என்றே நம்பினேன். படிக்க வந்த அயலூர்ப் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் ஒன்று சொல்வேன்: இல்லாத குரல் கேட்கிறது என்று சொல்லும் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அன்று கதவை வெட்டிக்கொண்டிருந்தவனை அக்கம்பக்கத்தார் பிடித்துக் கட்டினார்கள். எருமப்பட்டியிலிருந்து மாமியார் வந்தார்.

"இது காலேஜுல வந்த சீக்கு இல்ல சாமி. கடல் தாண்டி வாரப்ப எதோ ஒண்ணு கூடவே வந்துருக்குது. நம்மூருப் பூசாரிகிட்ட ஓட்டிப்போடலாம்" என்றார்.

"ஆசுபத்திரிக்குப் போனா மெட்ராசுப் பைத்தியக்கார ஆசுபத்திரிக்கு அனுப்பிச் சங்கிலி போட்டுருவாங்க புள்ள. அதுக்கு இது தேவல" என்றார் கணவர்.

நான் தலையாட்டினேன். சங்கிலி என்ற சொல்லுக்குப் பயந்தேனா, மாமியாருக்குப் பயந்தேனா என்று இன்னும் யோசிக்கிறேன்.

எருமப்பட்டியில் அவனை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். பேய் தன் பேரையும் ஊரையும் சொல்லும்வரை அடிப்பது அங்குள்ள முறை. பூசாரி புளிய விளாரை ஓங்கினார்.

"ஆரு நீ? பேரச் சொல்லு!"

வலி தாங்காமல் தம்பி மலாயில் கத்தினான். தோட்டத்தில் மலாய்ப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அடிபட்டால் எங்களுக்கு முதலில் வருவது அந்த மொழிதான்.

"பாஷைய மாத்துது பாருங்க! தமிழ்ல சொன்னாத்தான் உடுவேன்!"

"காலேஜு படிச்ச பேயாட்ட இருக்குதுங்க, இங்கிலீசுல பேசுது!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

மலாயில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி விழுந்தது. சட்டை கிழிந்து, முதுகுத் தோல் கிழிந்து, இரத்தம் வேட்டியில் இறங்கியது. அவன் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு மட்டுமே புரிந்தது. "அக்கா, கயிறு பாப்பா கழுத்துக்கு வருது. அறுத்துவிடு."

"கயிறு இல்லை. பாப்பா என் இடுப்பில் இருக்கிறாள், பார்" என்று மலாயிலேயே கத்தினேன். அவன் தலை தூக்கிக் குழந்தையைத் தேடினான். அலறல் நின்றது.

அந்த ஒரு நொடிதான். "ஐயோ, இவளுக்கும் புடிச்சிருச்சு!" என்று மாமியார் குழந்தையைப் பிடுங்கினார். யாரோ என் கூந்தலைப் பற்றி இழுத்தார்கள். கழுத்திலும் தோளிலும் விளார் விழுந்தது. "அடிக்காதீங்க!" என்று தமிழில் கதறினேன்.

"எறங்குது, எறங்குது பாருங்க!" என்றார் பூசாரி. அடி பலத்தது.

கணவர் பாய்ந்து அவர் முகத்தில் குத்தினார். உதடு கிழிந்து பூசாரி உட்கார்ந்தார். சாமி குத்தம் என்று மாமியார் குழந்தையை இறக்கிவிட்டு மாரிலடித்து அழ, நான் அவளைத் தூக்கிக்கொண்டேன்; நாங்கள் கயிற்றை அறுத்து, வழியில் வந்த லாரியில் தம்பியை ஏற்றினோம்.

சேலத்து மருத்துவமனையில் மருத்துவர் அவன் முதுகை வெகுநேரம் பார்த்தார். "என்ன சொல்றான்?" என்று என்னைக் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொன்னேன்.

மனச்சிதைவு (இல்லாததைக் கேட்டும் கண்டும் அதை உண்மையென்றே நம்பவைக்கும் நோய்) என்றார். மாத்திரைகளோடு மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள் (தலைவழியே சிறிதளவு மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவைப்பது). அவன் பற்களுக்கிடையே ரப்பரைத் திணித்து, கைகால்களை ஆட்கள் அழுத்திப் பிடித்தார்கள். உடல் வில்லாக வளைந்து அடித்துக்கொண்டது. வேப்பமரத்தடியில் பார்த்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டேன்.

"குணமாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா" என்றார் மருத்துவர். "தூங்குவான். எழுந்தப்புறம் பேசலாம். நீங்க அவன் பாஷையிலயே பேசுங்க. ஊருக்கு அனுப்பறேன்னு கப்பல்ல மட்டும் தனியா ஏத்திடாதீங்க, குதிச்சிடுவான்."

"வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே, டாக்டர்?"

"அரிவாள், கத்தி எதுவும் கைக்கெட்டற இடத்துல வேண்டாம். மாத்திரைய முழுங்கினானான்னு வாயத் திறந்து பாருங்க. ரெண்டு பேரையும் தனியா விடாதீங்க."

தாழ்வாரத்தில் கணவர் கேட்டார். "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்ங்கறயா? நம்ம புள்ளைய நெனச்சியா?"

"அவன் கயித்தத்தானுங்க வெட்டுனான். புள்ளையக் காப்பாத்தத்தான் வெட்டுனான்."

"அடுத்தவாட்டி கயிறு அவ கழுத்துல கெடக்கறாப்பல தெரிஞ்சா?"

அவர் வீட்டுக்குப் போய், அவனுக்கென்று ஒதுக்கிய அறைக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் பொருத்திவிட்டு வந்து, அவனைத் தோளில் சாய்த்து வண்டியில் ஏற்றினார்.

இப்போது தம்பி பெரும்பாலும் உறங்குகிறான். விழித்தால் கை நடுங்குகிறது, நாக்கு குழறுகிறது. சில நாட்களில் சுவர் சிரிக்கிறது என்கிறான். சில நாட்களில், சிரிக்கிறது, ஆனால் அது சுவரல்ல என்று தெரிகிறது என்கிறான். அந்த நாட்களை நல்ல நாட்கள் என்கிறோம்.

என் உடல் எனக்குச் சொந்தமாக இல்லை. அவன் உறக்கத்தில் முனகினாலும், எந்த அறையிலிருந்து வரும் குரல் என்று காது பிரித்தறியுமுன் மார்பில் பால் சுரந்துவிடுகிறது. அடுத்த தேர்வு, அடுத்த கப்பல் என்றிருந்த காலம் போய்விட்டது. அவன் விட்ட மூச்சுக்கும் இழுக்கும் மூச்சுக்கும் இடையில் இருப்பதுதான் இப்போது பொழுது. பகலில் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, குழந்தையை மடியில் வைத்து அவன் அறை வாசலில் உட்காருகிறேன். கால்கள் ஓடத் தயாராகவே மடங்கியிருக்கின்றன. தெருக்கதவை நோக்கியா, அவனை நோக்கியா என்று அவற்றுக்கும் தெரியாது.